கத்தி பார்க்கப் போன அண்ணி

என் வீட்டுக்காரரின் அக்காவை ஊரெல்லாம் "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடும். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு மட்டும் அவர் அண்ணி. இப்போது காரைக்காலில் இல்லை, கடல் தாண்டி இருக்கிறார். எங்கள் மாடியில் அவர் இருந்த போர்ஷனில் ஒரு பேங்க் மேனேஜர் குடும்பம் குடியிருக்கிறது. தங்கமான மனிதர்கள். ஆனாலும் நான் கடைத்தெருவிலிருந்து வாங்கி வரும் கத்தரிக்காயைக் கையில் எடுத்து, காம்பைத் திருப்பிப் பார்த்து, "இதை யாரு ஒன் தலையில கட்டுனா?" என்று கேட்க அந்த வீட்டில் ஒருவருமில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டு நான் பல்லைக் கடித்த நாட்கள் எத்தனையோ. இப்போது அது இல்லாமல் கத்தரிக்காய்க் குழம்பே ருசிக்க மாட்டேன் என்கிறது, சொன்னால் நம்புங்கள்.

அண்ணிக்கு எதுவும் சட்டென்று பிடிக்காது. பிடிப்பதற்கு முன்னால் அந்தப் பொருளின் குறைகளையெல்லாம் ஒன்று விடாமல் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொண்ட பிறகு, "வேண்டாம்ப்பா, உள்ள வைங்க" என்பார். கோபமாகச் சொல்ல மாட்டார். ஊசி போடப்போகும் குழந்தையிடம் பேசுவாரே, அந்தக் குரலில் சொல்வார். தீபாவளிக்குப் புடவை எடுக்க அவரோடு போவது எனக்கு ஜென்ம தண்டனை. நானென்றால் கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற முதல் புடவையை எடுத்து, பில் போடச் சொல்லிவிட்டு, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துவிடுகிற ஜாதி. அண்ணி ஒவ்வொன்றாக வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடிப்பார், ஓரத்து நூலை நிமிண்டுவார், கசக்கிப் பார்ப்பார். கடைக்காரர் முகத்தில் ஈயாடாது. கடைசியில் எனக்கு எடுத்ததையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவோம்.

மாப்பிள்ளைகளையும் இப்படித்தான் பார்த்தாராம். மாமனார் உயிரோடிருந்தபோது எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஒருத்தர் பெண்ணின் பெயரைக் கேட்பதற்கு முன் சம்பளத்தைக் கேட்டார், வேண்டாம். ஒருத்தர் தன் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் இரண்டாவது பஜ்ஜியை எடுத்தார், வேண்டாம். இன்னொருத்தர் எல்லா வகையிலும் பொருத்தம். போகும்போது தன் செருப்பைத் தேடுகிறேன் என்று மற்றவர்கள் செருப்பையெல்லாம் காலால் எத்தித் தள்ளினார். அவரும் வேண்டாம்.

"காரணமெல்லாம் சரியாத்தாம்மா இருக்கு. அதான் எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல" என்பார் மாமனார். ஒரு கட்டத்தில் மனிதர் ஜாதகக் கட்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார். அண்ணி அதற்காக வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை.

ஓய்வு பெற்றபோது நடந்த பாராட்டு விழாவில் சுவர்க் கடிகாரம் ஒன்று பரிசாகக் கொடுத்தார்கள். வாங்கியவர் மேடையிலேயே அதைக் காதில் வைத்துப் பார்த்தார். கீழே உட்கார்ந்திருந்த எங்களுக்கு மானமே போய்விட்டது. "சத்தம் ஒழுங்கா இல்ல" என்று இறங்கும்போதே சொன்னார். நல்லவேளை, திருப்பிக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் பொழுது போகாமல் போனில் எதையாவது பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் ஒரு வீடியோ. யாரோ ஒருவர் மேஜைமேல் மடக்குக் கத்திகளாக அடுக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக் காட்டுகிறார். மூடும்போது டிக் என்று ஒரு சத்தம். அண்ணி அந்தச் சத்தத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். மறுநாள் காலை இட்லி சாப்பிடும்போது அறிவிப்பு வந்தது.

"நான் மடக்குக் கத்தி சேக்கப் போறேன்."

என் வீட்டுக்காரருக்குப் புரையேறிவிட்டது. "எதுக்குக்கா? யாரைக் குத்தப் போற?"

"குத்துறதுக்கு இல்லடா, சேக்கறதுக்கு. அவனவன் ஸ்டாம்பு சேக்கறான், பழைய காசு சேக்கறான். நான் கத்தி சேக்கறேன். போ."

"அதென்ன அண்ணி, போயும் போயும் கத்தி?" என்றேன் நான்.

"வேலை முடிஞ்சதும் வாயை மூடிக்கிட்டு இருக்கிறது ஒலகத்துலயே அது ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். நான் எழுந்து சட்னி எடுக்கப் போனேன்.

யாராக இருந்தாலும் முதலில் கத்தி வாங்குவார்கள், பிறகு அதை வைக்கப் பெட்டி வாங்குவார்கள். அண்ணி முதலில் பெட்டியைச் செய்யக் கொடுத்தார். தேக்கு மரம், உள்ளே அரக்கு நிற வெல்வெட், கண்ணாடி மூடி. பெட்டி வந்து மேஜைமேல் உட்கார்ந்தது. அதற்குள் ஒரு கத்தியும் வந்தபாடில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க சிஸ்டர், உள்ள ஒண்ணையும் காணமே?" என்பார்கள்.

"மொதக் கத்திதாங்க மத்ததுக்கெல்லாம் அளவு. அது தப்பாப் போனா பொட்டியே தப்பாப் போயிடும்" என்பார் அண்ணி. வீடியோக்காரரும் முதல் கத்தியை நிதானமாகப் பார்த்து வாங்குங்கள் என்றுதான் சொல்லியிருந்தாராம். அவர் இப்படி ஒரு நிதானத்தை நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார், பாவம்.

முதலில் போனது கடைத்தெருவில் பாய் கடைக்கு. ஆணி, தாழ்ப்பாள், பூட்டு, பெயிண்ட் எல்லாம் விற்கிற பெரிய கடை. அண்ணியின் கைப்பையில் ஒரு வெள்ளரிக்காய், ஒரு முழம் சணல் கயிறு, பழைய பேப்பர். பாய் கண்ணாடி அலமாரியிலிருந்து நாலைந்து கத்திகளை எடுத்து வைத்தார். அண்ணி ஒவ்வொன்றாகத் திறந்தார், பிடியை அமுக்கினார், அலகை ஆட்டிப் பார்த்தார், கயிறை அறுத்தார், பேப்பரைக் கிழித்தார், வெள்ளரிக்காயைச் சீவினார். கடைசியில் மூடிக் காதருகில் கொண்டுபோய் டிக் கேட்டார். கடைக்கு வந்தவர்களெல்லாம் ஆணியை மறந்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"என்ன சிஸ்டர், மாப்புள பாக்குற மாதிரில்ல பாக்குறீங்க?" என்றுவிட்டார் பாய், வாய்த்துடுக்காக. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

அண்ணி அசரவில்லை. "மாப்புளைய இவ்வளவு பாக்கல பாய். இது கூடவே இருக்கப்போறதுல்ல?" என்றார். பாய் விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணி எதையும் வாங்கவில்லை. ஒன்றுக்கு அலகு ஆடுகிறது, ஒன்றுக்கு நகம் வைத்துத் திறக்கிற பள்ளம் ஆழம் போதவில்லை, ஒன்று மூடும்போது முனகுகிறது. சீவிய வெள்ளரிக்காயைப் பாய்க்கே கொடுத்துவிட்டு வந்தோம். அவர் உப்புப் போட்டுத் தின்றார்.

பிறகு திருநள்ளாறு. கோயில் கடைகளில் பிடியில் சாமி படம் போட்ட கத்தியெல்லாம் வரும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். போனது ஒரு சனிக்கிழமை. பஸ்ஸை விட்டு இறங்கிக் கூட்டத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

"அண்ணி! சனிக்கிழமை யாராச்சும் இரும்பு வாங்குவாங்களா? அதுவும் இந்த ஊர்ல?"

"இரும்பே அவரோடதுதானே? அவர் ஊர்ல, அவர் கெழமையில, அவர் சாமானை வாங்குனா சந்தோஷப்பட மாட்டாரா?" என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்தார். மாமனார் பட்ட பாடு அப்போது புரிந்தது. கடை கடையாக ஏறி இறங்கி, அங்கேயும் ஒன்றும் அமையவில்லை. சனீஸ்வரன் தப்பித்தாரா, நாங்கள் தப்பித்தோமா தெரியாது.

துபாயிலிருந்து லீவில் வந்த எதிர்வீட்டுக்காரர் ஆசையாக ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். அதில் கத்தரிக்கோல், அரம், திருப்புளி, பல் குத்தும் குச்சி, மூடி திறப்பான், குட்டி லென்ஸ் எல்லாம் இருந்தன. அண்ணி ஒவ்வொன்றாக வெளியே இழுத்தார். எல்லாம் வெளியே வந்த பிறகு, "இது கத்தி இல்லீங்க, கல்யாண மண்டபம்" என்று மறுபடி ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார். பட்டினச்சேரியில் படகுக்காரர் ஒருவர் இடுப்பில் கயிறு கட்டி ஒரு கத்தி வைத்திருந்தார். அது அண்ணிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "வேணும்னா எடுத்துக்கங்க சிஸ்டர்" என்று அவரும் அவிழ்க்கப் போனார். "வேண்டாங்க, அது உங்களோட வலையறுக்குது. நான் கொண்டுபோயி கண்ணாடிக்குள்ள படுக்க வைக்கவா?" என்று சொல்லிவிட்டு வந்தார். பிடித்தாலும் வேண்டாம், பிடிக்காவிட்டாலும் வேண்டாம். நான் என்னதான் செய்ய?

ஆனால் அந்த செக்போஸ்ட் கதையை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். நாகப்பட்டினத்தில் ஒரு கடைக்காரர் அண்ணியிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர். அந்த மரியாதைக்கு ஒரு கட்டுக் கத்தியை, "வீட்டுல வச்சு நிதானமாப் பாருங்க சிஸ்டர்" என்று கொடுத்தனுப்பிவிட்டார். ஒரு வாரம் பார்த்தார். ஒன்றும் தேறவில்லை. திருப்பிக் கொடுக்க பஸ்ஸில் போனோம். எங்கள் ஊரைத் தாண்டி எந்தப் பக்கம் போனாலும் தமிழ்நாட்டு செக்போஸ்டில் பஸ்ஸை நிறுத்தி, எங்கள் ஊர் மலிவு விலை பிராந்தி பாட்டில் தேடுவார்கள். அன்றைக்கும் ஒரு போலீஸ்காரர் ஏறினார். அண்ணி மடியில் பேப்பர் சுற்றிய கனத்த பொட்டலம்.

"என்னம்மா அது? பாட்டிலா?"

"பாட்டில் இல்ல தம்பி. கத்தி."

கண்டக்டர் ஒரு படி கீழே இறங்கி நின்றுகொண்டார். போலீஸ்காரர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து மிரண்டு போனார். "எதுக்கும்மா இத்தனை?"

"அதான் தம்பி, ஒண்ணும் சரியில்ல. திருப்பிக் குடுக்கப் போறேன்."

"சரியில்லன்னா?"

இப்படி ஒரு கேள்வியை அண்ணியிடம் கேட்கலாமா? பொட்டலத்தோடு கீழே இறங்கி, செக்போஸ்ட் பெஞ்சில் கத்திகளை வரிசையாக அடுக்கி, எதில் என்ன குறை என்று அவருக்கு வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டார். இன்னொரு போலீஸ்காரரும் வந்து சேர்ந்துகொண்டார். "இந்தச் செவப்புப் பிடி நல்லாத்தானேம்மா இருக்கு?" என்று அவர் கேட்க, "மூடிப் பாருங்க, முனை வெளியில நிக்குது. சட்டைப் பையைக் கிழிச்சிடும்" என்று இவர் சொல்ல, அவர் மூடிப் பார்த்து, "அட, ஆமா!" என்றார். பஸ்ஸில் ஒரே கூச்சல். பின் சீட்டில் மட்டும் ஒருவர் வேட்டி மடிப்பில் எதையோ அணைத்துப் பிடித்தபடி, அண்ணியைக் குலதெய்வத்தைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் சோதிக்கவேயில்லை.

இப்படிச் சிரித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு ஐப்பசி அடைமழையில் ஒரு சங்கதி நடந்தது. இரண்டு நாளாக அண்ணி கீழே இறங்கவில்லை. மழைக்குச் சோம்பலாக இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் ரசம் எடுத்துக்கொண்டு மேலே போனால், காய்ச்சலில் சுருண்டு கிடக்கிறார். தானே மாத்திரை போட்டுக்கொண்டு, தானே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துக்கொண்டு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"கீழதானே கெடக்கோம்? ஒரு குரல் குடுத்தா என்ன? நாங்க என்ன செத்தா போயிட்டோம்?" என்று கத்தினேன்.

அண்ணி ரசத்தை ஒரு வாய் குடித்தார். உப்பு குறைச்சல் என்று சொல்வார் என்று நினைத்தேன். "கூப்புடலாம்னுதாம்மா வாயைத் தொறந்தேன். யாரைக் கூப்புடுறதுன்னு தெரியல. நீ அசந்து தூங்குறவ, தம்பியும் அப்படித்தான். நடு ராத்திரியில பேர் சொல்லிக் கூப்புட்டா கோவிச்சுக்காம எந்திரிச்சு வர்ற மாதிரி ஒரு ஆளு எனக்கு இல்லியேன்னு தோணிச்சு. அவ்வளவுதான். காச்சல்ல எதையோ ஒளர்றேன், போ" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. கீழே வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஜாதகக் கட்டு கிடந்த பரணையே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பார்க்கிற வயசா இது என்று அவருக்கும் கேட்கத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கேட்டாலும், இந்த ஊரில் அண்ணி வேண்டாம் என்று சொல்லாத ஆள் யார் இருக்கிறார்?

மார்கழியில் பக்கத்துத் தெருவில் தன் தங்கை வீட்டுக்கு ஒருவர் வந்து தங்கினார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. மனைவி தவறிப்போய்ச் சில வருஷங்கள். ஒரே மகள் பாரீஸ் பக்கம். பிறந்ததுதான் காரைக்கால். வளர்ந்ததெல்லாம் அவர் அப்பா பட்டாளத்தோடு போன ஊர்களில். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் வருவதற்குள் காப்பி ஆறிவிடும். பாய் கடைக்கு ஆணி வாங்கப் போனவரிடம் பாய், "உங்களை மாதிரியே இங்க ஒரு கத்திப் பைத்தியம் இருக்குங்க" என்று சொல்லிவிட்டிருக்கிறார். அந்த மனிதர் தங்கை வீட்டில் ஒரு பெட்டி நிறைய மடக்குக் கத்தி வைத்திருந்தாராம்.

மறுநாள் சாயங்காலமே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "பொன்ழூர், மதாம்" என்று பிரெஞ்சில் வணக்கம் வைத்தார்.

"மதாம் எல்லாம் வேண்டாங்க. சிஸ்டர்னு கூப்புடுங்க" என்றார் அண்ணி. முதல் வார்த்தையே வேண்டாம். விளங்கினாற்போலத்தான் என்று நான் காப்பி போடப் போனேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கத்தியை எடுத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அண்ணி கையை நீட்டவில்லை. "கீழ வைங்க" என்றார். அவர் டீபாய்மேல் வைத்தார். அண்ணி எடுத்து வழக்கமான பரீட்சையெல்லாம் நடத்திவிட்டு, "பிடிக்கும் அலகுக்கும் நடுவுல ஒரு முடி நுழையிற அளவுக்கு எடம் இருக்கு, பாருங்க. வேண்டாம்" என்றார். வேறு யாராக இருந்தாலும் முகம் சுருங்கியிருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "அட, ஆமா! இத்தனை வருஷமா வச்சிருக்கேன், இது என் கண்ணுல படலியே!" என்று குழந்தை போலச் சந்தோஷப்பட்டார்.

அன்றைக்கு ஆரம்பித்தது. தினம் சாயங்காலம் ஒரு கத்தி. அவர் நீட்டுவார், அண்ணி கீழே வைக்கச் சொல்வார், குறை கண்டுபிடிப்பார், வேண்டாம் என்பார். நான் காப்பி போட்டுப் போட்டு ஓய்ந்து போனேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். வேண்டாம் என்று சொன்ன பிறகு அண்ணி இப்போதெல்லாம் இன்னொரு வாக்கியம் சேர்த்துக்கொண்டார். "நாளைக்கு வேறொண்ணு கொண்டாங்க." என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. அவர் வருகிற நேரத்துக்கு முகம் கழுவி, தலை சீவி, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு ஹாலில் வந்து உட்காருவார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "வாயை மூடிக்கிட்டு வேலையப் பாரு" என்றிருப்பார். கத்தி தீர்ந்து போகிற அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

கத்தி தீர்ந்ததோ இல்லையோ, அவர் தங்கும் நாள் தீர்ந்துவிட்டது. மகள் டிக்கெட் அனுப்பிவிட்டாள். கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் வந்தார். அன்றைக்கு அவர் எடுத்தது அலங்காரமில்லாத ஒரு சாதாரணக் கத்தி. மரப்பிடி, கழுத்தில் ஒரு இரும்பு வளையம். வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். பட்டாளத்தில் சேர்ந்த நாளிலிருந்து தன் பையிலேயே இருப்பது என்றார். "இது பரீட்சைக்கு இல்ல சிஸ்டர். உங்களுக்கு."

"கீழ வைங்க" என்றார் அண்ணி. அவர் வைத்தார். அண்ணி அதைத் தொட்டார், வளையத்தைத் திருப்பிப் பார்த்தார், மறுபடி டீபாய்மேல் வைத்துவிட்டு, எடுத்துக்கொள்ளக் கையை நீட்டினார். நான் காப்பி டம்ளரோடு சமையலறை வாசலில் நின்றேன்.

"ஒரு ரூபா குடுங்க" என்றார் அவர்.

அண்ணியின் கை அப்படியே நின்றது. "என்னது?"

"ஒரு ரூபா. சும்மா எடுக்கக் கூடாது."

அதற்கு மேல் அந்த மனிதர் வாயிலிருந்து ஒரு விளக்கம் வர வேண்டுமே! வராது. அண்ணி முகம் சிவந்துவிட்டது. "விலைக்கு வாங்குறதுன்னா பாய் கடையில வாங்கிக்கிறேன். கணக்குத் தீத்துட்டுப் போகணும்னு வந்தீங்களா? எனக்கு வேண்டாம், எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு மாடியேறிவிட்டார். அவர் கத்தியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, என்னிடம் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

காலையில் அண்ணி கீழே வந்தபோது கண் வீங்கியிருந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. காப்பிகூடக் குடிக்காமல் நேராகப் பக்கத்துத் தெருவுக்குப் போனேன். கூடத்தில் பெட்டி தயாராக நின்றது.

"ஏங்க, ஒரு கத்தியை ஆசையாக் குடுத்துட்டு அதுக்குக் காசு கேக்குறீங்களே, இது நல்லாவா இருக்கு?" என்று பிடித்துக்கொண்டேன்.

அவர் யோசித்து யோசித்துச் சொன்னார். "அங்க அது வழக்கம்மா. கத்தியைச் சும்மா குடுத்தா சிநேகம் அறுந்து போயிடும்பாங்க. சின்னதா ஒரு காசு வாங்கிக்கிட்டா அறுக்காது. அறுந்துடக் கூடாதுன்னுதான் கேட்டேன்." பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி சொன்னார். "அவங்க வேண்டாம்னுதான் சொல்லுவாங்கன்னு எனக்கே தெரியும். ஒரு நாளாவது என் கையிலேர்ந்து வாங்குனாங்களா? கீழ வைங்க, கீழ வைங்கன்னுதானே சொன்னாங்க? என் கை படறதே பிடிக்கல போலிருக்கு."

நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். "அட கடவுளே! இது இங்க உள்ள வழக்கங்க! கத்தியைக் கைக்குக் கை குடுத்தா சண்டை வரும், ஒறவு முறிஞ்சு போயிடும்னு கீழ வச்சுத்தான் எடுப்போம். நீங்க வேண்டாதவரா இருந்தா அண்ணி கையிலயே வாங்கியிருப்பாங்களே!"

உள்ளேயிருந்து வந்த அவர் தங்கை சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவேயில்லை. "இதை என்னைக் கேட்டா நான் சொல்லியிருக்க மாட்டேனா, அண்ணே?" என்றார். அந்த மனிதர் மட்டும் சிரிக்கவில்லை. பையிலிருந்து கத்தியை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து, மூச்சு வாங்க எல்லாவற்றையும் அண்ணியிடம் சொன்னேன். அண்ணி அவரைக்காயில் நார் உரித்துக்கொண்டிருந்தார். கடைசிவரைக்கும் கேட்டார். "வண்டி எப்போ?" என்றார். இன்னும் கொஞ்ச நேரத்தில் என்றேன். எழுந்து போய் ஃப்ரிட்ஜ் மேலிருந்த சில்லறை டப்பாவைத் திறந்தார். நல்ல காசாகப் பொறுக்குவார், அதற்குள் வண்டி சென்னை போய்ச் சேர்ந்துவிடும் என்று பதறினேன். கையில் வந்த முதல் காசை எடுத்துக்கொண்டு, கட்டியிருந்த நூல் புடவையோடு படியிறங்கிவிட்டார். பின்னாலேயே நானும் ஓடினேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஊருக்கே தெரியும். ரிஜிஸ்டர் கல்யாணம், பாய் கடையிலிருந்து வந்த பெரிய பூட்டுப் பரிசு, விசாவுக்கு அலைந்த அலைச்சல், போகும்போது அண்ணியின் பெட்டியில் வெள்ளரிக்காய் இருக்கிறதா என்று என் வீட்டுக்காரர் தேடிப் பார்த்தது. அண்ணி போனபோது நான் வீதியென்றும் பாராமல் ஓவென்று அழுதேன். இருந்தாலும் என் மனதில் அப்படியே நிற்பது அந்தக் காலை நேரம்தான்.

கூடத்தில் சொல்தா தன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வாசலில் டாக்ஸி. அண்ணி உள்ளே போனார், காசை மேஜைமேல் வைத்தார், கத்தியை எடுத்தார். திறக்கவில்லை, ஆட்டவில்லை, காதில் வைக்கவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டார்.

"பாக்கலியா?" என்றார் அவர்.

"நேத்தே பாத்தாச்சு. பிடி கருத்துப் போச்சு. வளையம் இறுகிக் கெடக்கு" என்றார் அண்ணி. பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். புடவைக் கடையில் பார்த்திருக்கிறேன், பாய் கடையில் பார்த்திருக்கிறேன்.

"ஒங்களுக்குச் சர்க்கரை இருக்கு. மாத்திரைய மறந்துட்டு அல்வாவ மட்டும் மறக்காம திங்கிறீங்க. பேச ஆரம்பிச்சா பாதியில நிக்கிறீங்க. இந்த எடப்பக்கக் காது ஒங்களுக்குச் சுத்தமாக் கேக்கல, கேட்ட மாதிரி தலைய ஆட்டுறீங்க. மனசுல ஒண்ணு பட்டுச்சுன்னா வாயைத் தொறந்து சொல்லாம பொட்டியக் கட்டுறீங்க."

அண்ணி நிறுத்தினார். அடுத்து வரப்போகிற வார்த்தை என்னவென்று எனக்குத் தெரியாதா? நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இருக்கட்டும்" என்றார் அண்ணி.

நான் கண்ணைத் திறந்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை என்பது அந்த ஆட்டலிலேயே தெரிந்தது. நான் கத்திச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அண்ணி கையைக் காட்டி என்னை அடக்கினார். பெட்டியைச் சுற்றிக்கொண்டு மெதுவாக அவருடைய வலப்பக்கம் போய் நின்று, இன்னொரு முறை சொன்னார்.